புகைக்கப்பலில் விட்ட பல்

ராமானுஜம் வேலையில் இருந்த காலம் முழுக்க பாய்லர்களோடு குடித்தனம் நடத்தியவர். திருச்சிக்குக் கிழக்கே ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். வெல்டிங்கில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். "மறுபடியும் பண்ணுங்கோ" என்பார். அடுத்த பாய்லருக்குப் போய்விடுவார். ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு உட்கார்ந்ததும், வட்டம் போட ஒன்றும் கிடைக்காமல் தவித்துப்போனார். முதலில் குக்கர் மூடியில் போட்டார். பிறகு சமையலறைச் சுவரில் போட்டார். ஒருநாள் மனைவி ரெங்கம்மாள் வார்த்துப் போட்ட தோசையில், வேகாத ஓர் இடத்தைச் சுற்றி மிளகாய்ப்பொடியால் போட்டார். அன்றைக்கு அவருக்கு இரண்டாவது தோசை வரவில்லை.

மேல்வரிசைப் பற்கள் முழுக்கப் போய், தென்னூரில் டாக்டர் ஷஹனாஸிடம் பல் செட் கட்டிக்கொண்டபோதும் இதே கூத்துதான். முதல் செட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இடது கடைவாய்ப் பல் கொஞ்சம் தூக்கி நிற்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த செட்டில் வலது கடைவாய்ப் பல் கொஞ்சம் அமுங்கி நிற்கிறது என்றார். அதற்கடுத்ததை வெகுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஊசி ஒன்றை எடுத்து, அண்ணத்தில் ஒட்டும் பக்கத்தில் பொடிப்பொடியான ஆங்கில எழுத்தில் 'ஓகே ஆர்' என்று கீறினார். அவர் தேறியது என்று சொன்ன ஒவ்வொரு பாய்லரிலும் இருக்கும் முத்திரை அது. 'ஆர்' என்றால் ராமானுஜம்.

"சார், வாய்க்குள்ள வந்து யாரு சார் இதைப் படிக்கப் போறாங்க?" என்றார் டாக்டர்.

"படிக்கறதுக்கு இல்லம்மா. பாஸ் பண்ணினா முத்திரை விழணும். இல்லேன்னா எனக்கு நிம்மதியா மெல்ல வராது."

அந்தப் பல் செட் வாயில் நன்றாகக் குடியேறி, சீடை வரைக்கும் கடிக்கத் தேறிவிட்டிருந்த சமயத்தில்தான் ஆரோக்கியராஜ் ஸ்கூட்டரில் காவேரிப் பாலத்தைத் தாண்டிவந்து சேர்ந்தார். ஆரோக்கியராஜ் அதே தொழிற்சாலையில் கிரேன் ஓட்டியவர். காட்டூரில் வீடு. ராமானுஜம் கீழே நின்று வட்டம் போட, ஆரோக்கியராஜ் மேலே இருந்து அந்தப் பாய்லரை அப்படியே தூக்கிக்கொண்டு போன காலத்திலிருந்து சிநேகம்.

"சாமி, இது என்னான்னு சொல்லுங்க பாப்போம்" என்று செல்போனை நீட்டினார்.

திரையில் நீலமாகத் தண்ணீர். மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்பின. அவை விலகியதும், பவளம் பூத்த ஒரு பெரிய உருளை தெரிந்தது. வீட்டுக் கூடத்தில் வைத்தால் கூடம் போதாது. முன்பக்கத்தில் வட்ட வட்டமாக மூன்று உலை வாய்கள்.

ராமானுஜம் செல்போனைப் பிடுங்கிக்கொண்டார். "பாய்லர்!"

"அதேதான். இலங்கையில, கல்குடாவுக்கு வெளிய பவளப்பாறையில மோதி முங்குன கப்பலாம். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சாம். கப்பல் பூரா இத்துப்போச்சு. பாய்லர் மட்டும் குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்திருக்கு பாருங்க. கூட்டிட்டுப் போயி காட்டுறாங்களாம் சாமி. முதுகுல சிலிண்டர் கட்டி விடுவாங்க."

"நமக்கெல்லாம் விடுவாளா?"

"இதய டாக்டர் சரின்னா விடுவாங்க. இங்கேருந்து கெளம்புற ரயிலு விழுப்புரம் தாண்டுறதுக்குள்ள நம்ம ஏர்போர்ட்டுலேருந்து கொழும்பு போயிடலாம்."

அன்றையிலிருந்து ராமானுஜத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் காலையில் கோயிலுக்குப் போய், பாம்பணைமேல் பள்ளிகொண்டவரைச் சேவித்துவிட்டு வருகிறவர் அவர். அந்தப் பாற்கடலுக்கு அடியில் என்ன இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருதடவைகூட யோசிக்கவில்லையே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. அதிலும், கடலுக்கடியில் பாய்லர் இருக்கிறதாம்!

ஆனால் ரெங்கம்மாளிடம் எப்படிச் சொல்வது? தண்ணீர் என்றாலே அவளுக்கு ஆகாது. அம்மா மண்டபத்தில் அவர் காவேரியில் முங்கும்போது, படியில் நின்று அவர் வேஷ்டி முனையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். ஆற்றில் தண்ணீர் முழங்காலுக்கு எட்டாத கோடையிலும் பிடித்துக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவளிடம் போய், 'கடலுக்கடியில் போய்ப் பாய்லர் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று சொல்ல முடியுமா? அதனால் ராமானுஜம் பெருமாளைத் துணைக்கு இழுத்தார்.

"யாழ்ப்பாணத்துப் பக்கம் வல்லிபுர ஆழ்வார்னு ஒரு பெருமாள். சக்கரமா எழுந்தருளியிருக்கார். ரொம்ப நாளா சேவிக்கணும்னு மனசுல ஓடிண்டே இருக்கு."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொன்னதில்லையே?" என்று ரெங்கம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சரி, நானும் வரேன்."

"வரலாம். ஆனா அந்தத் தேதியிலதானே உன் தங்கை பேரனுக்குப் பூணூல்?"

பூணூல் தேதியைப் பார்த்துத்தான் டிக்கெட்டே எடுத்திருந்தார். காட்டூரில் ஆரோக்கியராஜ் தன் மனைவி சகாயராணியிடம், இலங்கையில் இருக்கும் மடு மாதா கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லியிருந்தார். என்ன நேர்த்திக்கடன் என்று அவள் கேட்டதற்கு, அதை வெளியில் சொன்னால் பலிக்காது என்று சமாளித்துவிட்டார்.

இருவரும் நடைப்பயிற்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு நீச்சல் குளத்துக்குப் போய்வந்தார்கள். மூக்கை மூடிக்கொண்டு வாயால் மூச்சு விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. ராமானுஜம் வீட்டில், பெருமாள் அலமாரிக்கு முன்னால் சப்பணம் கூட்டி உட்கார்ந்து, துணி உலர்த்தும் கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு பழகினார்.

"என்னன்னா இது கோலம்?"

"பிராணாயாமம்" என்றார் மூக்கடைத்த குரலில்.

"கிளிப் எதுக்கு?"

"கை வலிக்கறது."

பூணூலுக்கு ரெங்கம்மாளைக் கும்பகோணம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இருவரும் விமானம் ஏறினார்கள்.

கல்குடாவில் அவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போனவன் சர்ஃபராஸ். முப்பது வயது இருக்கும். அந்தக் கப்பலுக்குப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது, ஊரில் எல்லாரும் புகைக்கப்பல் என்றுதான் சொல்வார்கள் என்றான். முதலில் இடுப்பளவுத் தண்ணீரில் வைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தான்.

"ஐயா, மூச்சை நிப்பாட்ட வேணாம். ஒண்டையும் தொட வேணாம். கீழ போனா கதைக்க ஏலாது, எல்லாம் கையாலதான். இப்படிக் காட்டினா எல்லாம் சரி எண்டு அர்த்தம்."

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினான். ராமானுஜத்துக்கு அந்த நொடியே அவனைப் பிடித்துப்போயிற்று. இங்கேயும் வட்டம்தான்!

"வாயில கட்டுப்பல் ஏதும் இருக்கா?"

"இருக்கு."

"அதைக் கழட்டி வச்சிட்டு வாங்க."

"அது அசையாது, தம்பி. நானே பாஸ் பண்ணினது."

சர்ஃபராஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பல் இல்லாமல் மூச்சுக்குழாயின் ரப்பரைக் கடித்துக்கொள்வது எப்படி என்று ராமானுஜம் திருப்பிக் கேட்டார். ஈறால் கடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவன் சொன்னதை அவர் தர ஆய்வாளர் என்ற முறையில் நிராகரித்தார். கடைசியில் அவன் தலையைச் சொறிந்துகொண்டு படகைக் கிளப்பினான்.

படகில் ரப்பர் உடுப்பு மாட்டுகிற கட்டம் வந்தது. ராமானுஜத்துக்குத் தொந்தி கொஞ்சம் முன்னால் நிற்கும். தலையணையை உறைக்குள் நுழைப்பதுபோல ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கிக் குலுக்கி அவரை உள்ளே இறக்கினார்கள். கறுப்பு உடுப்பும் நெற்றியில் நாமமுமாக அவர் எழுந்து நின்றபோது, ஆரோக்கியராஜ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"நீ மாட்டிக்கலையா ஆரோக்கியம்?"

ஆரோக்கியராஜ் படகின் விளிம்பிலிருந்து கீழே எட்டிப் பார்த்தார். அடி தெரியவில்லை. "நான் மேலேருந்து பாத்துக்குறேன் சாமி. கிரேன்காரன் மேலதான் இருக்கணும்."

"கூட்டிண்டு வந்ததே நீதானேடா!"

"தூக்கி விடுறதோட நம்ம வேலை முடிஞ்சுது சாமி."

ராமானுஜம் ரெங்கநாதரை நினைத்துக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தார்.

முதலில் ஒரே குமிழி. அப்புறம் குமிழிகள் விலகி, காது இரண்டும் டப்பென்று திறந்துகொண்டன. எங்கேயோ நறுக்நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. பார்த்தால், பச்சையும் ஊதாவுமாய் ஒரு கிளிமீன் கூட்டம் பவளத்தை முறுக்குபோலக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. என்ன பல், என்ன பல் என்று ராமானுஜம் அசந்துபோனார். ஆமை ஒன்று அவசரமே இல்லாமல் குறுக்கே போயிற்று. கூர்மாவதாரமே போவதுபோல் இருக்கவே, அவர் இரண்டு கைகளையும் குவித்துச் சேவித்தார். கைகளைக் குவித்தால் எதற்கு அடையாளம் என்று சர்ஃபராஸுக்குத் தெரியவில்லை. அவனும் ஒரு கும்பிடு போட்டுவைத்தான்.

இன்னும் கொஞ்சம் இறங்கியதும், நீலத்துக்குள்ளிருந்து அது மெதுவாக வெளியே வந்தது.

செல்போனில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. கப்பலின் விலா எலும்புகள் மணலில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்க, நடுவில் பாய்லர் ராஜாமாதிரி உட்கார்ந்திருந்தது. மேலெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பவளம். ஓரத்தில், இரும்புத் தகடுகளைச் சேர்த்து அடித்த ரிவெட்டுகள் வரிசையாக, பிசகாமல் ஓடின. இதை அடித்தவன் யாரோ, எந்த ஊர்க்காரனோ! அவனைச் சந்தித்துக் கை குலுக்க வேண்டும்போல் இருந்தது. கண் கலங்கி முகக்கண்ணாடியில் ஆவி படிந்தது. சர்ஃபராஸ் விரலால் வட்டம் காட்டிக் கேட்டான். ராமானுஜமும் பெருமையாக வட்டம் காட்டினார். பிறகு பழக்கம் விடாமல் ரிவெட் வரிசையைக் கண்ணாலேயே தடவிக்கொண்டு போனார். நடு உலை வாய்க்கு மேலே வந்ததும் நின்றார்.

அங்கே ஒரு ரிவெட்டைக் காணோம்.

வேலைக்காலம் முழுக்கப் பழகிய நாக்கு. கடலாவது, கப்பலாவது. சர்ஃபராஸ் பக்கம் திரும்பி, "இங்க ஒண்ணு விட்டிருக்கா!" என்று கத்தினார்.

கத்தியது யார் காதிலும் விழவில்லை. வாயிலிருந்த ரப்பர் குழாய் தெறித்து வெளியே போயிற்று. அதன் பின்னாலேயே பல் செட்டும் போயிற்று. சொல்லிக்கொடுத்தபடி குழாயைத் தேடிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டுவிட்டார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பல் செட் சிரித்த முகத்தோடு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இறங்கி, நடு உலை வாய்க்குள் நுழைந்தது. உள்ளே குடியிருந்த தடித்த களவாய் மீன் ஒன்று வாசலுக்கு வந்து, ராமானுஜத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே போய்விட்டது.

ராமானுஜம் பதறிப்போய்த் தன் வாயைச் சுட்டிக் காட்டினார். காற்று வரவில்லை என்கிறார் என்று நினைத்து சர்ஃபராஸ் தன் உபரிக் குழாயை நீட்டினான். இவர் வேண்டாமென்று தலையாட்டி, பாய்லரைக் காட்டி, வாயைக் காட்டி, மறுபடியும் பாய்லரைக் காட்டினார். பசிக்கிறது, அந்த மீனைத் தின்ன வேண்டும் என்கிறார்போல என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றியதாம். பெரியவருக்குப் பயத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று முடிவுகட்டி, கையை இறுகப் பிடித்து நிதானமாக மேலே கொண்டுவந்தான். ராமானுஜம், பெட்டியைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு ரயிலில் போகிறவர்போல வழிநெடுகக் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பாய்லர்ல ஹிழுந்துடுத்து!" என்றார் தலை வெளியே வந்ததும்.

"யாரு சாமி விழுந்தாங்க?" என்று ஆரோக்கியராஜ் அலறினார்.

விஷயம் புரிவதற்குள் படகு கரைக்கே வந்துவிட்டது. சர்ஃபராஸ் பெரிய மனதோடு மறுபடியும் போய்த் தேடிவிட்டுக் கையை விரித்தான். "உள்ளுக்கு ஒரே சேறு ஐயா. அந்தக் களவாய் வேற கிட்டப் போக விடுதில்ல."

வல்லிபுரத்துக்கும் போக நேரமில்லை, மடுவுக்கும் போக நேரமில்லை. திருச்சியில் இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது ராமானுஜம் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். ரெங்கம்மாள் துண்டை இழுத்தாள்.

"பல்லு எங்கேன்னா?"

விமானத்தில் மனப்பாடம் பண்ணிவைத்ததை ஒப்பித்தார். "ஷமுத்திர ஷ்நானம் பண்ணினேன். அலை அடிச்சுது. போயிடுத்து."

வேஷ்டி முனையைப் பிடிக்க ஆளில்லாமல் சமுத்திரத்தில் இறங்கியதற்காக அவள் தலைதலையாய் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். ரெங்கம்மாளோ கொஞ்ச நேரம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் கண் நிறைந்துவிட்டது.

"பெருமாள் எடுத்துண்டுட்டார்" என்றாள்.

"என்னது?"

"கயாவுக்குப் போனா எல்லாரும் ஒரு காயை விட்டுட்டு வரா. பாகற்காயை விடுவா, கொத்தவரங்காயை விடுவா. பிடிக்காத காயாப் பாத்து விடறவாதான் ஜாஸ்தி. நீங்க பல்லையே விட்டுட்டு வந்திருக்கேள்!"

இல்லை என்று சொல்ல அவர் வாய் திறந்தார். காற்றுதான் வந்தது.

மறுநாள் அவர்கள் குடியிருந்த உத்தர வீதி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து சேவித்துவிட்டுப் போனார். காய்கறிக்காரர்கூட, "சாமிக்குக் கொழைய வேகுற காயா எடுத்து வச்சிருக்கேன்" என்றார். பஜனை மண்டலியில் 'சமர்ப்பணம்' என்ற தலைப்பில் ராமானுஜத்தைப் பேசவைத்தார்கள். அவர் பேசியதில் ஒரு சொல்லும் யாருக்கும் விளங்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். தென்னூருக்குப் போய்ப் புதிதாக ஒரு செட் கட்டிக்கொள்கிறேன் என்று அவர் மெதுவாக எடுத்தபோதுதான் இடி விழுந்தது.

"கயாவுல விட்ட காயை யாராவது திரும்பத் தின்பாளோ?" என்று கேட்டாள் ரெங்கம்மாள். "பெருமாளுக்கு விட்டது விட்டதுதான். இனிமே பல்லுங்கற பேச்சே இந்த ஆத்துல கூடாது."

அதோடு தொடங்கியது குழைந்த சாதம். காலையில் கஞ்சி, மத்தியானம் மசித்த பருப்பு சாதம், சாயங்காலம் பாலில் ஊறிய பிஸ்கட். ஆரோக்கியராஜ் மணப்பாறை முறுக்கு வாங்கிக்கொண்டு வந்து அவரெதிரிலேயே கடித்தார். நட்பே முறிகிற அளவுக்குப் போய்விட்டது. உண்மையைச் சொன்னால் பல் கிடைக்கலாம், ஆனால் உயிர் மிஞ்சுமா என்று ராமானுஜத்துக்குச் சந்தேகமாக இருந்தது. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்து, ஒவ்வொரு நாளும் கஞ்சியையே தேர்ந்தெடுத்தார்.

இப்படியே ஆடி போய் ஆவணி வந்தது. ஸ்ரீஜயந்திக்கு ரெங்கம்மாள் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். ராமானுஜம் உள்ளே சீடை வாசனையை முகர்ந்துகொண்டு நின்றார். அப்போது டிவியில், நூறாண்டு பழமையான கப்பலில் கேப்டனின் பல் செட் கண்டுபிடிப்பு என்று செய்தி வாசித்தார்கள்.

தொப்பி போட்ட இளைஞன் ஒருவன் திரையில் வந்தான். வெளிநாட்டிலிருந்து வந்து கடலுக்கடியில் வீடியோ எடுத்துப் போடுகிறவனாம். அவன் பேசியதைத் தமிழில் சொன்னார்கள். பாய்லருக்குள் கிடக்கும் இந்தப் பல் செட்டில் பாசி பாதி மறைத்தது போக 'கே ஆர்' என்ற எழுத்துகள் தெரிகின்றன, அது 'கிங்ஸ் ராயல்' என்பதன் சுருக்கம், ஆகவே இது அரச கடற்படையில் பணியாற்றிய ஒரு கேப்டனுடையது, கப்பல் முங்கும்போதும் அவர் சிரித்துக்கொண்டே போயிருக்கிறார் என்று பல்லின் அமைப்பே சொல்கிறது என்றான். பல் செட் திரை முழுக்கப் பெரிதாக வந்து நின்றது.

முறுக்கு பிழிகிற கை நின்றது.

"ஏன்னா, இங்க வாங்கோ."

வந்தார். பார்த்தார்.

"இது உங்க பல்லுன்னா."

"உலகத்துல எத்தனையோ பல்லு..."

"தினம் கார்த்தால டம்ளர்ல அது மூஞ்சியிலதான் முழிச்சேன். எனக்குத் தெரியாதா?"

சரியாக அந்த நேரம் பார்த்து அவருடைய செல்போன் அடித்தது. ரெங்கம்மாள் மாவுக் கையோடு ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"சாமி! டிவியைப் போடுங்க! நம்ம பல்லு! அந்தக் களவாய் வெளிய தள்ளிருச்சுபோல! அம்மா பக்கத்துல இல்லியே?"

"பக்கத்துலதான் இருக்கேன். சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது.

ராமானுஜம் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கிளிப்பைச் சொன்னார், பூணூல் தேதியைச் சொன்னார், உடுப்புக்குள் இறக்கியதையும் ஆமையைச் சேவித்ததையும் சொன்னார். பாய்லர் வந்ததும் தன்னை மறந்து கையை விரித்து, அது எவ்வளவு பெரிது, ரிவெட்டெல்லாம் எப்படி வரிசை பிசகாமல் நிற்கிறது என்று விஸ்தாரமாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ரெங்கம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"தெரு முழுக்க உங்க பல்லுக்குக் கண் கலங்கித்தே, தெரியுமோ?"

"தெரியும்."

"எதிராத்து மாமா உங்க கால்ல விழுந்தாரே!"

"ஹிழ வேண்டாம்னுதான் சொன்னேன். அவருக்குப் புரியலை."

அவள் முறுக்கு அச்சை எடுத்தாள். மிச்ச மாவைப் பிழிந்து, பொரித்து, எண்ணெய் வடித்து, பெருமாளுக்கு முன்னால் வைத்துக் கண்டருளப்பண்ணினாள். அதற்கப்புறம் ஒரு தட்டு நிறைய, முறுகலானதாகப் பார்த்து எடுத்து, பல்லில்லாத கணவன் முன்னால் வைத்தாள்.

"தின்னுங்கோ" என்றாள்.

ராமானுஜம் ஒன்றை எடுத்து, ஒரு மணிநேரம் சப்பினார்.

கோபம் தணிய நாளாயிற்று. ஆனால் அந்தக் கோபத்திலும் அவளுக்கு ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. தன் கணவனுடைய பல்லை ஊர் பேர் தெரியாத ஒரு கேப்டனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டானே அந்தத் தொப்பிக்காரன்! செல்போனில் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு நேராக டாக்டர் ஷஹனாஸிடம் போனாள். டாக்டர் பார்த்ததுமே நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டார்.

"எத்தனையோ பேருக்குப் பல்லு கட்டியிருக்கேன்மா, எதுவும் ஞாபகம் இருக்காது. இதை மட்டும் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். சார் பல்லுதான். நான் சொன்னேன்னே சொல்லுங்க."

அந்தத் தைரியத்தில் ரெங்கம்மாள் சர்ஃபராஸுக்கு வீடியோ கால் போட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, தொப்பிக்காரனிடம் பேசிக்கொள்வதாகச் சொன்னான். பல் அங்கேயேதான் இருக்கிறது, பழைய கப்பலிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்பதால் யாரும் தொடவில்லை, ஆனால் இது ஐயாவுடைய சொந்தப் பல் என்பதால் கேட்டுக்கொண்டு எடுத்து வருகிறேன் என்றான். அடுத்த நாளே ஒரு வீடியோ வந்தது. கூடவே அவன் குரல்: "அம்மா, இதைப் பாருங்க. என்ன செய்யட்டும் எண்டு நீங்களே சொல்லுங்க."

பல் செட் உலை வாயின் விளிம்பில் வளைவாக நின்றுகொண்டிருந்தது. அதன் பின்னால், அண்ணம் ஒட்டுகிற இடத்தில், கடுகுபோல நூற்றுக்கணக்கில் முட்டைகள். விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன், முன்பற்களுக்கு மேலாகத் தலையை நீட்டி, கேமராவைப் பார்த்து முறைத்தது. சர்ஃபராஸின் கை கொஞ்சம் கிட்டே போனதும் பாய்ந்துவந்து முட்டிவிட்டு, மறுபடியும் பல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ரெங்கம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். "கோபத்தைப் பாரேன்!" என்றாள். இன்னொரு தடவை போட்டாள். பிறகு சர்ஃபராஸைக் கூப்பிட்டு, "எடுக்காதீங்கோ. அங்க ஒரு குடும்பம் நடக்கறது" என்று சொல்லிவிட்டாள்.

ராமானுஜம் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "அப்போ எனக்கு?"

ரெங்கம்மாள் யோசித்தாள். சாஸ்திரப்படி சரியாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவள் அவள். "நீங்க பெருமாளுக்கு விடலை. பாய்லர்ல போட்டுட்டு வந்தேள். போட்டது வேற, விட்டது வேற. கட்டிக்கலாம்."

அன்றே தென்னூர் பஸ்ஸைப் பிடித்தார் ராமானுஜம். புதிய செட் கைக்கு வந்தபோது பூதக்கண்ணாடியைத் தேடாமல் அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். டாக்டர் ஷஹனாஸுக்கே அது கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

ஆனால் பெருமாள் பேரில் சொன்ன பொய் நின்றுகொண்டுதானே இருந்தது. அதற்குப் பரிகாரமாக வல்லிபுரத்துக்கு நிஜமாகவே போயாக வேண்டும் என்றாள் ரெங்கம்மாள். காட்டூரில் சகாயராணியும் மடுவைப்பற்றி அதையே சொல்லிவிட்டிருந்தாள். இந்தத் தடவை நான்கு பேராக விமானம் ஏறினார்கள். வல்லிபுரத்தில் ராமானுஜம் சன்னிதியில் விழுந்து எழுந்து மன்னிப்புக் கேட்டார். மடுவில் ஆரோக்கியராஜை சகாயராணி முழங்காலிலேயே வெகுதூரம் நடக்கவைத்தாள். அங்கிருந்து கிளம்பும்போது ரெங்கம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் கல்குடா எந்தப் பக்கம்?" என்றாள்.

"சுத்துவழியாச்சே" என்றார் ராமானுஜம்.

"சுத்துவழின்னு சொன்னேளே தவிர, போகப்படாதுன்னு சொல்லலையே."

சர்ஃபராஸ் எல்லாரையும் ஆழமில்லாத பவளத்திட்டுக்குக் கூட்டிப்போனான். ரெங்கம்மாள் வழிமுழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு, இரு கையாலும் படகைப் பிடித்துக்கொண்டு நாமம் சொல்லிக்கொண்டே வந்தாள். படகு நின்றது. அவன் ஒரு முகக்கண்ணாடியையும் மூச்சுக்குழாயையும் நீட்டினான்.

"நீங்க தண்ணியில இறங்க வேணாம் அம்மா. படகுல படுத்துக்கொண்டு முகத்தை மட்டும் வையுங்க."

"நான் மாட்டேன்" என்றாள். பிறகு, "எப்படி வைக்கணும்?" என்றாள்.

படகின் விளிம்பில் குப்புறப் படுத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள். இருமினாள். யாரையும் பார்க்காமல் மறுபடியும் வைத்தாள்.

அப்புறம் எடுக்கவே இல்லை.

படகில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். சகாயராணி கொண்டுவந்திருந்த புளியோதரையைப் பிரித்தாள். ஆரோக்கியராஜ் சாப்பிட்டு முடித்துக் கையும் கழுவிவிட்டார். ரெங்கம்மாளின் பின்னல் மட்டும் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. குழாய் வழியாக நடுநடுவே ஏதேதோ சத்தம் வந்தது. ஒருதரம் சிரிப்புப்போலக் கேட்டது. ஒருதரம் யாரையோ அதட்டுவதுபோலக் கேட்டது.

ராமானுஜத்துக்குக் கவலையாகிவிட்டது. மெதுவாக அவள் தோளைத் தொட்டார். "ரெங்கம்மா, வெயில் ஏறறது. போலாமா?"

அவள் முகத்தை எடுத்தாள். கண்ணாடிக்குள் கண்கள் பெரிதாக இருந்தன. குழாயைத் துப்பினாள்.

"சும்மா இருங்கோ. அங்க ரெண்டு மஞ்சளா சண்டை போட்டுண்டிருக்கு, நடுவுல ஒரு கோடு போட்டது சமாதானம் பண்ண வரது. இந்தப் பிள்ளையாண்டானண்ட சொல்லிப் படகைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்கோ, பவளம் மறைக்கறது" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டாள்.